வாளியில் வந்த சிவப்பு

நம் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு இளம்பெண் படம் போட்டிருந்தாளே, பார்த்தீர்களா? கணவனின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை. சோப்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது, பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். நாம் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். ஒருவர் எலுமிச்சை தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் வெயிலில் போடச் சொன்னார். நான் மட்டும் வாயே திறக்கவில்லை. என்ன, உங்களுக்குத் தெரியாத வைத்தியமா என்று நீங்கள் நடைப்பயிற்சியின்போது கிண்டல் செய்தீர்கள். தெரியும். தெரிந்ததால்தான் எழுதவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நமக்கெல்லாம் இப்போது வேறு என்ன வேலை?

மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு. புளி, எலுமிச்சை மாதிரி அமிலத்தோடு சேர்ந்தால் மஞ்சளாகவே இருக்கும். சுண்ணாம்போ சோப்போ சலவைச் சோடாவோ, காரம் எதுவானாலும் பட்ட இடம் சிவந்துவிடும். மறுபடி புளிப்பைக் காட்டினால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மஞ்சள் தடவிய தாளை வைத்து இதைச் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இதே விஷயம் என்னையும் என் அப்பாவையும் பிரித்துவிட்டது.

அப்போது மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அம்மா இறந்துபோயிருந்தாள். மிச்சம் நானும் அப்பாவும். அப்பா பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர்கள் வகுப்பெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். லேபில் பையன்களோடு நின்று மாரடிப்பது அப்பாதான். ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை நிரப்பி நிற்க வைத்து, கீழே குடுவையில் காரத்தை வைத்து, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். குடுவைக்குள் நிறம் காட்டும் மருந்து ஒன்றிரண்டு சொட்டு விட்டிருப்பார்கள். காரம் முழுவதும் தீர்ந்து, வெறும் உப்பும் தண்ணீருமாக ஆகிற கணத்தில் அந்த நிறம் மாறும். அங்கே குழாயை மூடிவிட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தப்பு. பையன்கள் அவசரப்பட்டுத் திறந்துவிட்டு முழிப்பார்கள். அப்பா கோபித்துக்கொள்ளவே மாட்டார். கொட்டிவிட்டு மறுபடி எடு என்பார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அவர் சட்டையில் எப்போதும் இருந்த அழுகின முட்டை வாடைதான். உப்புகளைச் சோதிக்க அந்த வாயுவைத்தான் விடுவார்களாம். அம்மா அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போடுவாள்.

அம்மா போன பிறகு அவள் வேலைகளை எல்லாம் அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் செய்தார். காப்பி டிகாக்ஷனை அளவு கோடு போட்ட லேப் ஜாடியில் ஊற்றிக் குனிந்து கண்மட்டத்தில் வைத்துப் பார்ப்பார். அரிசிக்கும் தண்ணீருக்கும் அப்படியே. காப்பி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குடிக்கும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். லேபில் விளிம்பு உடைந்த குடுவை ஒன்றை அவர் முன்பு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அம்மா அதில் மணி பிளான்ட் வைத்திருந்தாள். அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வாடியது.

துணி துவைப்பதுதான் அவருக்குப் பெரிய பாடு. பார் சோப்பைத் தேய்த்துக் கல்லில் அடிப்பதெல்லாம் நேர விரயம் என்று முடிவு செய்து, வெந்நீரில் சலவைச் சோடாவைத் தாராளமாகக் கரைத்து, ஒரு வாளியில் மொத்தத் துணியையும் முக்கிவிடுவார். அவர் கைத்தோல் உரிந்தது, என் யூனிஃபார்ம் நூல் விட்டது. ஆனால் அழுக்கு என்னவோ போனது.

பள்ளிக்கூடம் விட்டதும் எனக்குப் போக வீடு இருந்தது, சாவி இல்லை. இருந்த ஒரே சாவி அப்பாவின் சட்டைப்பையில். சின்னப் பெண்ணைத் தனியாக வீட்டில் விடக்கூடாது என்று அவர் ஏற்பாடு. அதனால் கோயில் பக்கத்தில் மஞ்சள் குங்குமக் கடையின் படியில் உட்கார்ந்து, லேப் முடிந்து அவர் வரும்வரை காத்திருப்பேன். கடைக்காரர் கரண்டியால் பொட்டலம் கட்டக் கட்டப் பொடி பறக்கும். மூக்கில் ஏறும், தலையில் படியும். தேங்காய் உடைக்கிற சத்தம், பூக்காரிகள் சண்டை, மணியோசை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். தெருவே நிறைந்திருக்கும். அதில் ஒருத்தரும் என்னைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. அந்த வயதில் எனக்கு அது துக்கம் என்று தெரியாது, பசி என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு டிரில் வகுப்பு, வெள்ளை யூனிஃபார்ம். அந்த வெள்ளிக்கிழமையும் படியில் உட்கார்ந்துதான் இருந்தேன். மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல் வாளியில் துணியை முக்கினார். எங்கள் குளியலறையில் ஒரு மங்கல் பல்பு. கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். கையிலிருந்து சோடாத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் என்னைத் தெரிந்த மாதிரியே இல்லை.

"நீ உள்ளயே உக்காரும்மா. எங்கயும் போவாத," என்றார்.

ஏன் என்று கேட்டேன். செய்தித்தாளில் எதையோ சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார். அது என் வெள்ளைப் பாவாடை. போகிற வழியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மாம்பலத்தில் இருந்த தன் அக்காவைக் கூட்டிவரப் போயிருக்கிறார். பாவாடையின் பின்பக்கம் சிவப்பைப் பார்த்ததும், பெண் பெரியவளாகிவிட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

லேபில் மஞ்சள் தாள் என்று ஒன்று உண்டு. காரம் இருக்கிறதா என்று பார்க்க உதவும். கடையில் வாங்காமல் அதை அப்பா தன் கையாலேயே மஞ்சள் கரைசலில் தோய்த்துக் காயவைத்துத் தயாரிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் வீட்டு வாளியில் அது கண்ணில் படவில்லை. மனைவி இல்லாத வீட்டில் பெண் குழந்தையை வைத்திருக்கிற பயம் அவருக்கு ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்க வேண்டும். சிவப்பைக் கண்டதும் அந்தப் பயம்தான் முதலில் முந்திக்கொண்டது.

அத்தை வந்தாள். அத்தை வந்தால் தெருமுனையிலேயே தெரியும், ரிக்ஷாக்காரரோடு பேரம் அங்கேயே தொடங்கிவிடும்.

"இன்னாடி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அப்பங்கிட்டயா துணியப் போட்டு வெப்ப?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அத்த."

"தெரியாமத்தான் இருக்கும். தெரிஞ்சிக்கினா பொறந்தோம் எல்லாரும்?"

நான் சொல்ல வந்தது வேறு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் அத்தை அப்பாவிடம் திரும்பி, "நல்லாப் பாத்தியா நைனா?" என்றாள். அப்பா தரையைப் பார்த்தபடி, "பாத்தேங்கா," என்றார். படித்தவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு வேளை எனக்கே தெரியாமல் ஆகியிருக்கும் போலிருக்கிறது என்று நானும் நம்பத் தொடங்கினேன். அதன் பிறகு அறிகுறி எதுவும் இல்லையே என்று நான் கேட்டபோது, முதல் தடவை ஒரு நாள் காட்டிவிட்டு நின்றுவிடும் என்று அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது.

என்னை மொட்டை மாடியில் இருந்த சாமான் அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு, ஒரு பாய், வாசலில் வேப்பிலை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மூக்கைப் பிடித்து ஊற்றுவாள் அத்தை. பிறகு உளுந்தங்களி. சடங்கு முடிகிறவரை ஆண்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது, பெற்ற அப்பாவானாலும் சரி. அறையில் பழைய பெட்டி, உடைந்த நாற்காலி, அம்மாவின் மருந்து பாட்டில்கள் இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட அப்பாவுக்கு மனம் வராமல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அம்மாவின் கடைசி மாதங்களின் வாசனை எல்லாம் அதில் இருந்தது. நான் அழுதேன். யாரும் பார்க்காத இடத்தில் அழுவது அவ்வளவு சுகமாக ஒன்றும் இல்லை, சொல்லிவைக்கிறேன்.

மாடிப்படியில் அப்பா வரும் சத்தம் கேட்கும். கடைசிப் படிகளுக்கு முன்னாலேயே நின்றுவிடுவார். தொண்டையைச் செருமுவார். தண்ணீர்க் குடத்தையோ என் பாடப் புத்தகத்தையோ வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் செருமலைக் கேட்பேன். அம்மா இருந்தபோது அவர் செருமுவதே இல்லை.

கீழே பேசுவது ஜன்னல் வழியாக மேலே கேட்கும். ஒரு மத்தியானம் அத்தை சொன்னாள்: "ஆம்பள மட்டும் கீற வூட்ல வயசுக்கு வந்த பொண்ண வெச்சிக்கினு இன்னா பண்ணுவ நீ? காலைல போனா சாய்ங்காலம் வர. சடங்கு முடிஞ்சதும் நான் கூட்டிக்கினு போறேன். எங்கூட்டுல நாலு பேரு கீறோம்."

"பாக்கலாங்கா," என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். என் அப்பா வீட்டில் சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை, காப்பியைக்கூட ஜாடியில் அளந்துதான் கொடுப்பார். ஆனாலும் எனக்கு மிச்சமிருந்தது அவர் ஒருத்தர்தான். அவரை விட்டுப் போகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தினமும் மஞ்சள் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுவார்கள். உடுத்தின துணியை நானே மாடிக் குழாயடியில் துவைக்க வேண்டும், மற்றவர் துணியோடு சேரக்கூடாது. ஒருநாள் பாவாடை முழுக்க மஞ்சள். பார் சோப்பை வைத்துத் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் சிவந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். என்னைத்தான் முதலில் பார்த்துக்கொண்டேன், எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று. பிறகு தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு மங்கி மறுபடி மஞ்சளானது. திரும்பத் திரும்பச் சோப்பு போட்டும் அலசியும் பார்த்தேன். பள்ளிக்கூட வெள்ளைப் பாவாடையும் கடைப் படியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

அத்தை களியோடு வந்தபோது சொன்னேன். "அத்த, எனக்கு ஒண்ணும் ஆகல. அது மஞ்சப்பொடி."

"பத்திரிகை குடுத்தாச்சு, உங்க மாமன் பட்டு எடுத்தாச்சு. இப்ப வந்து மஞ்சப்பொடின்றா. சாப்புடு," என்றாள்.

மறுநாள் சடங்கு. சாயங்காலம் அப்பா குடத்தை வைக்க வந்தார். செருமினார். நான் கதவை ஒட்டி நின்றுகொண்டேன்.

"அப்பா."

"இன்னும் தண்ணி வேணுமாம்மா?"

"மஞ்சள்ல சோப்பு பட்டா என்ன ஆவும்?"

"சிவப்பாவும். சோப்பு காரம் இல்லியா. லேப்ல அதுக்குன்னே மஞ்சள் தாள் வெச்சிருப்போம்." எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர் குரல் இயல்பாக இருந்தது. "ஏன் கேக்கற?"

"நான் இன்னிக்குத் துவைக்கும்போது அப்படித்தான் ஆச்சு. அலசினதும் மஞ்சளாயிடுச்சு. அன்னிக்கு வெள்ளப் பாவாடையோட கடைப் படியில உக்காந்திருந்தேம்பா. அங்க எப்பவும் மஞ்சப்பொடி கொட்டிக் கிடக்கும்."

படியில் ஒரு காலடி கீழே இறங்கும் சத்தம் கேட்டது. போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"வேற ஒண்ணும் இல்லியா உனக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லப்பா. அன்னியிலேருந்தே ஒண்ணும் இல்ல."

அவர் படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து கீழே போனார்.

காலையில் மாடியில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். தாய்மாமன், அதாவது அம்மாவின் தம்பி, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்திருந்தார். என்னை மணையில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றப் போகும்போது அப்பா நடுவில் வந்து நின்றார். பெண்கள் ஒதுங்கினார்கள், ஆம்பளை இங்கே எதற்கு என்று முணுமுணுப்பு. அவர் கையில் ஒரு கண்ணாடிக் குடுவை, கொஞ்சம் மஞ்சள் கரைத்த தண்ணீர், ஒரு பொட்டலம் சோடா. வகுப்பில் நிற்பது மாதிரியே நின்று, எல்லாரும் பார்க்கும்படி குடுவையைத் தூக்கிப் பிடித்துச் சோடாவைப் போட்டுக் குலுக்கினார். சிவந்தது.

"நான் பாத்தது இதுதான். கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. தப்பு என்னுது," என்றார்.

கீழ்ப்போர்ஷன் வீட்டுக்காரம்மா தன் கையில் இருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்த தண்ணீர் அதில் தளும்பிக்கொண்டிருந்தது. "இதத்தான சார் நாங்க தெனம் கரைக்கிறோம்," என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அந்தச் சிரிப்புக்கு நடுவில் குடுவையோடு நின்றார். அவர் காது சிவந்திருந்தது. இன்றைக்கு அதை நினைத்தாலும் அந்தப் பெண்கள்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "பட்டெல்லாம் எடுத்தாச்சே மச்சான்," என்றார்.

"கீழ சாம்பார் கொதிச்சிக்கினு கீது," என்றாள் அத்தை. "வந்தவங்கள சோறில்லாம அனுப்புவியா? இல்லேன்னு இப்ப சொன்னா பொண்ணுக்கு இன்னாவோ கோளாறுன்னு ஊரு பேசும். ஊத்துங்கடி தண்ணிய."

ஊற்றினார்கள். ஒன்றும் ஆகாத எனக்கு, ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு, முறைப்படி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அங்கேயே நின்றிருந்தார். "அப்ப அவ இங்கயே இருக்கட்டுங்கா," என்றார்.

இந்தத் தடவை அத்தை குரலில் அதட்டல் இல்லை. "இன்னிக்கு ஆவல, சரி. நாளைக்கு ஆவும். அன்னிக்கு யார்கிட்ட சொல்லுவா? உங்கிட்டயா?"

அப்பா என்னைப் பார்த்துத் திரும்பினார். அத்தனை பேரில் என் விருப்பத்தை என்னிடமே கேட்டது அவர் ஒருத்தர்தான்.

"எங்கிட்ட சொல்லுவியாம்மா?"

சுற்றிலும் பெண்கள். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பல் கிட்டிப்போயிருந்தது. சொல்லுவேன் என்று ஒரு வார்த்தை, அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் அப்பாவிடம் பேசக்கூடாத விஷயம் என்று அத்தனை நாளும் என்னைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இப்போது அத்தனை பேர் முன்னால் அதைப் பேசு என்றால் எப்படி வரும்? வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு குடுவையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

அன்றைக்கே என் பெட்டி மாம்பலம் போனது.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். வயிறு நிறையப் போட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள். அத்தை பிள்ளைகள் என்னைச் சீண்டுவார்கள், ரயில் போகும்போதெல்லாம் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும், எப்போதும் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு கூட்டத்தில் நான் இருந்த தனிமை, மயிலாப்பூரில் படியில் உட்கார்ந்திருந்த தனிமையைவிடக் கெட்டியானது. போதாததற்கு அத்தை இன்னொன்று செய்தாள். பெண் பெரியவளாகிவிட்டாள் என்று ஊருக்குச் சோறு போட்டாகிவிட்டதல்லவா, அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டுமே. மாதத்துக்கு ஒரு தடவை அக்கம்பக்கத்தார் பார்க்கும்படி என்னைப் பின்கட்டில் தனியாக உட்கார வைத்தாள். ஒன்றும் இல்லாமலே நான் ஒதுங்கி உட்கார்ந்திருப்பேன். "யார்கிட்டயும் மூச்சு வுடாத," என்பாள். சுவரைப் பார்த்தபடி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கும்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வருவார். கூடத்தில் மர நாற்காலியின் நுனியில் உட்காருவார். படிக்கிறாயா என்பார். படிக்கிறேன் என்பேன். அத்தை காப்பி கொடுப்பாள், குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ரயில் நிலைய மேம்பாலத்துப் படிவரை பின்னாலேயே போவேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விடுவார். அங்கே கூட்டத்தில் அவர் தலை மறைகிறவரை நிற்பேன். என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரோ, மாடியில் நான் வாய் திறக்காததையே பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பெண்ணுக்குத் தன்னிடம் இருக்கப் பிடிக்கவில்லை, அதை வற்புறுத்தக்கூடாது என்று. எவ்வளவு மரியாதையான மனுஷன் பாருங்கள். அந்த மரியாதையை எடுத்து அடுப்பில் போட. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேம்பாலத்துப் படியில் நின்று திரும்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த வயதுப் பிள்ளை ஒரு கேள்விக்கு ஒரே முறைதானா பதில் சொல்லும்?

அப்படியே கோடை போய், மழை போய், மறுபடி கோடையும் வந்து போனது. ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால், உண்மையாகவே ஆனது.

பின்கட்டுக் குளியலறையில் நின்றிருந்தேன். வெளியே அத்தை பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள். ஆனால் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? எல்லார் கணக்கிலும் அது எப்போதோ ஆகிவிட்டது. இது யாருக்கும் செய்தியே இல்லை. இப்படி ஒரு நாளில் யாரிடமும் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றது, அம்மா இல்லை என்பதை எனக்கு அதுவரை தெரியாத விதத்தில் தெரியவைத்தது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். அழுகை நின்றதும், எங்கிட்ட சொல்லுவியா என்று என்னைக் கேட்ட ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று தோன்றியது.

பின்கட்டில் என்னை உட்கார வைக்கும்போது அத்தை கொடுக்கிற துணி அலமாரியில் இருந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டேன். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரியே கிளம்பினேன். மேம்பாலம் ஏறி, ரங்கநாதன் தெருவில் இறங்கினேன். கடைகள் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தன. பையைப் பின்பக்கம் இறக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எல்லாரும் என்னையே பார்ப்பதாக இருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு பி பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் மயிலாப்பூர் லஸ் நிறுத்தம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

கல்லூரிக் காவலாளியிடம் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றேன். லேபுக்கு வழி காட்டினார். வராந்தாவிலேயே அந்த அழுகின முட்டை வாடை வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. உள்ளே பையன்கள் வரிசையாக ப்யூரெட் முன்னால் குனிந்து நின்றிருந்தார்கள். கோடி மேசையில் அப்பா ஒரு பையனின் குடுவையை வாங்கி, வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் வைத்துச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது வாசலில் என்னைப் பார்த்தார். குடுவையை அப்படியே பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னம்மா? அத்தைக்கு ஏதாவது…"

"இல்லப்பா. ஆயிடுச்சு."

என்ன ஆகிவிட்டது என்று அவர் கேட்கவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சோப்பு போடறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதாம்பா. தண்ணிகூடப் படல."

தலையை ஆட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. உங்ககிட்டதான்."

அப்பா உள்ளே போய்க் குழாயில் கை கழுவினார். முழங்கை வரை, ரொம்ப நேரம் கழுவினார். பையன்களிடம் ஏதோ சொன்னார். வெளியே வந்து என் தோளிலிருந்து புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நடக்க முடியுமா?" என்றார். முடியும் என்றேன்.

கல்லூரி வாசலைத் தாண்டினால் இடது பக்கம் பஸ் நிறுத்தம். அந்த நேரம் மாம்பலம் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் ஊதாமல் ஒரு நொடி காத்திருந்தார். அப்பா அவரிடம் கையை அசைத்து, போகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம், குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டை நோக்கி நடந்தார்.